லேலண்டி வேலி பழுப்படிச்சா என்ன செய்யிறது?

ஜூலை கடைசி வந்தா எனக்கு வாற போன் எல்லாம் ஒரே மாதிரித்தான். "அண்ணை, பின் வளவு வேலி எரிஞ்சமாதிரிக் கிடக்கு. என்ன மருந்து அடிக்கிறது?" சிலபேர் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவினம். சிலபேர் கார்டன் சென்டருக்குள்ள நிண்டு, கையில ரெண்டு போத்தலை வைச்சுக்கொண்டே கேப்பினம். ரெண்டையும் தட்டில திரும்ப வைச்சிட்டு வெளியில வாங்கோ எண்டுதான் நான் முதல்ல சொல்லுறது.

ஹரோ, வெம்பிளி, ரைஸ்லிப் பக்கங்களில தோட்ட வேலை செய்யிற ஆள் நான். புல்லு வெட்டுறது, பலகை வேலி அடிக்கிறது எல்லாம் இருந்தாலும் கோடையில பாதி நேரம் லேலண்டி எண்ட ஊசியிலை வேலி மரத்தோடதான் போகும். வடமேற்கு லண்டனில பழைய வீடு வாங்கினா வேலியும் சேர்ந்துதான் வரும். வாங்கின ஆக்களுக்கு அது என்ன மரம் எண்டே தெரியாது, ஆனா ட்ரிம்மர் ஒண்டு மட்டும் கெதியா வாங்கிப்போடுவினம். பிரச்சினை துவங்கிறது அதிலதான்.

எங்கட ஊரில வேலி எண்டா கதியால். கிளுவையோ முள்முருக்கோ பூவரசோ, மாரிக்கு முந்தித் தடியை வெட்டி ஊண்டிவிட்டா தளிர்க்கும். மொட்டையா அரிஞ்சாலும் அடுத்த மழைக்குக் குழை தள்ளும். ஆட்டுக்குக் குழை வெட்ட வெட்ட வேலி தடிச்சுக்கொண்டு போகும். அந்தக் கைப்பழக்கம் எங்கட ஆக்களுக்கு இன்னும் போகேல்லை. லேலண்டிக்கு அது சரிவராது. அதின்ர கொப்பில பச்சை இருக்கிற இடத்தில இருந்துதான் புதுக் குழை வரும். பச்சையைத் தாண்டி, உள்ளுக்க இருக்கிற பழுப்புக் கட்டையில வெட்டினா அந்த இடம் அப்பிடியே நிக்கும். அடுத்த வருஷமும் நிக்கும், பத்து வருஷம் போனாலும் நிக்கும். பசளையோ ஸ்ப்ரேயோ அந்தக் கட்டையில இருந்து ஒரு தளிரைக் கொண்டுவராது. இந்த ஒரு விஷயம் விளங்கினா மிச்சம் எல்லாம் லேசு.

லேலண்டி இயற்கையாக் காட்டில வளர்ந்த மரமும் இல்லை. 1888ல வேல்ஸில வெல்ஷ்பூலுக்குக் கிட்ட இருக்கிற லெய்டன் ஹோல் தோட்டத்தில ரெண்டு சைப்ரஸ் மரம் தற்செயலாக் கலந்து உண்டானது. ஒண்டு கலிபோர்னியாக் கரையில மொன்ரரேயில வளருறது, மற்றது வட அமெரிக்காவின்ர வடமேற்குக் கரையில அலாஸ்கா வரைக்கும் வளருற நூட்கா சைப்ரஸ். ரெண்டும் கடல் ஈரம் குடிச்சு வளர்ந்த மரம். பிள்ளைக்கு நல்ல வேகம் வந்தது, வருஷத்துக்கு ஒரு மீற்றருக்குக் கிட்ட வளரும். ஆனா லண்டன் களிமண்ணில, வெடிச்சுப்போன கோடையில, பலகை வேலிக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில நிண்டு கஷ்டப்படும்.

வேலியடிக்குப் போய் என்ன பார்க்கிறது

முதல்ல தூர நிண்டு பாருங்கோ. பழுப்பு எங்க இருக்கு, எப்பிடிப் பரவியிருக்கு எண்டது பாதிக் கதையைச் சொல்லிப்போடும். கிட்டப்போய் இலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா எல்லாம் ஒரே பழுப்பாத்தான் தெரியும்.

வேலியின்ர ஒரு முகம் முழுக்க, நுனிகள் மட்டும், ஒரே அளவாப் பழுத்திருந்தா அது ட்ரிம்மர் செய்த வேலை. எப்ப வெட்டினனீங்கள் எண்டு கேட்டா, போன கிழமை எண்டு பதில் வரும். நல்ல வெய்யில் நாள் எண்டபடியால் வெட்டினது எண்டும் சொல்லுவினம். வெளிக்குழையை எடுத்தவுடன, இவ்வளவு நாளும் நிழலுக்குள்ள இருந்த உள் இலையில வெய்யில் நேர விழுந்து கருகும். மொட்டைக் கத்தியெண்டா நுனி வெட்டுப்படாமக் கிழிபடும், அதுவும் பழுக்கும். இது பயப்படுற விஷயம் இல்லை. நுனிக்குப் பின்னால பச்சை இருந்தா அடுத்த தளிர் மூடிப்போடும்.

கீழ்ப்பக்கத்தில திட்டுத் திட்டாத் துவங்கி மேல ஏறிக்கொண்டு போனா அழுக்கணவன் பூச்சியைச் சந்தேகப்படுங்கோ. அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், கீழ வாறன்.

அங்க ஒரு கொப்பு, இங்க ஒரு கொப்பு எண்டு தனித்தனியாச் செத்து, செத்த கொப்பின்ர அடியில பட்டை பள்ளம் விழுந்து பிசின் வழிஞ்சிருந்தா அது சீரிடியம் எண்ட பங்கசு செய்யிற புண். ஒரு மரம் மட்டும் அடியில இருந்து உச்சிவரைக்கும் மங்கி, மஞ்சளாகி, பேந்து பழுத்தா வேரைப் பார்க்கவேணும். தண்ணி நிக்கிற களிமண்ணில பைட்டோப்தோரா எண்ட வேரழுகல் வரும். அடித்தண்டில பட்டையைக் கொஞ்சம் சுரண்ட, பட்டைக்கும் மரத்துக்கும் இடையில வெள்ளைத் தோல் மாதிரி ஒரு படலம் இருந்து, காளான் மணம் வந்தா ஹனி பங்கஸ் எண்ட பூஞ்சண நோய். இந்த ரெண்டுக்கும் வீட்டுத் தோட்டத்தில அடிக்கக்கூடிய மருந்து ஒண்டும் இல்லை.

தெருப்பக்கம் மட்டும் அடியில ஒரு முழ உயரத்துக்குப் பழுத்திருக்கா? நாய். ஒரே மூலையில நாளாந்தம் காலைத் தூக்கினா எந்த வேலியும் தாங்காது. வாளியால தண்ணி ஊத்திக் கழுவிவிடுறதைவிட வேற வைத்தியம் இல்லை. பெரிய ரோட்டுப் பக்கம் எண்டா பனிக்காலத்தில போடுற உப்பும் செய்யும். ஒரு வட்டமா, வேலியின்ர நடுவில மட்டும் எண்டா, நேர எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கோ: கொதிநீர்ப் பொயிலரின்ர புகைக்குழாய் அங்க நிக்கும், இல்லாட்டி பார்பிக்யூ அடுப்பு. ஹரோவில ஒரு வீட்டில மூண்டு பேரிட்ட ஆலோசனை கேட்டு ரெண்டு தரம் மருந்தும் அடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் என்னைக் கூப்பிட்டவை. வேலியில இருந்து ரெண்டு அடி தள்ளிக் கோழி சுடுற அடுப்பு.

தூரப் பார்த்து முடிஞ்சா கிட்டப் போங்கோ. பழுத்த கொப்பில பெருவிரல் நகத்தால பட்டையைச் சுரண்டுங்கோ. உள்ள பச்சையா, ஈரமா இருந்தா உயிர் இருக்கு. காய்ஞ்சு பழுப்பா இருந்தா அடிப்பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டுங்கோ. எந்த இடத்தில பச்சை துவங்குதோ அதுதான் உங்களுக்கு மிஞ்சின கொப்பு. பேந்து ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழ பிடிச்சுக்கொண்டு கொப்பைத் தட்டுங்கோ, என்ன விழுது எண்டு பாருங்கோ. கடைசியா, வேலி அடியில ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டுங்கோ. மேல மழை ஈரம் இருக்கும், கீழ தூள் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கும். அடர்ந்த லேலண்டி தன்ர அடியில மழையைப் பெரிசா விழ விடாது.

பயப்படத் தேவையில்லாத பழுப்பும் இருக்கு. இலையுதிர்காலத்தில பெரும்பாலான ஊசியிலை மரங்கள் உள்பக்கப் பழைய இலையைப் பழுக்கவைச்சு உதிர்க்கும், வெளிப்பக்கம் பச்சையா இருந்தாச் சரி. தூஜா எண்ட வேலி மரம் பனிக்கு வெண்கல நிறம் அடிக்கும், வசந்தத்தில திரும்பும். ஜப்பான் கிரிப்டோமேரியாவில 'எலெகன்ஸ்' எண்ட வகை பனிக்காலம் முழுக்கச் செம்பழுப்பாத்தான் நிக்கும். பீச், ஹோர்ன்பீம் வேலிகள் செத்த இலையைத் தையில கூட விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், அது அதின்ர குணம். புது வீடு வாங்கின ஒரு தங்கச்சி டிசம்பரில பீச் வேலியை முழுக்கக் கிளப்ப ஆள் கேட்டவ. சித்திரை மட்டும் பொறுங்கோ எண்டு சொன்னன். இப்ப அந்தத் தெருவில வடிவான வேலி அதுதான்.

அழுக்கணவன்

தமிழ்நாட்டில அசுவினி எண்டு சொல்லுறது இதைத்தான். சைப்ரஸில வாறது தனி இனம். நாலு மில்லிமீற்றர் வரைக்கும் வளரும், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். இலையில இருக்காது, உள்பக்கக் கொப்பின்ர தண்டில ஒட்டிக்கொண்டிருக்கும். நிறமும் தண்டு மாதிரியே எண்டபடியால் தேடினாத்தான் தெரியும்.

இதில ஒரு ஏமாத்து இருக்கு. பூச்சி சாறு குடிக்கிறது வசந்தத்தில இருந்து கோடைத் துவக்கம் வரைக்கும், முக்கியமா மே, ஜூனில. பழுப்புத் தெரியவாறது ஜூலை, ஆகஸ்டில. நீங்கள் பார்க்கிற நேரம் பூச்சி பெரும்பாலும் போட்டுது. எரிஞ்ச வேலிக்கு ஆகஸ்டில மருந்து அடிக்கிறது ஆளில்லாத வீட்டில கதவு தட்டுறது மாதிரி. அதோட, அந்த நேரம் அடிக்கிற மருந்து மிச்சப் பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டையும் சேர்த்துத்தான் கொல்லும்.

பூச்சி போனாலும் தடயம் விட்டிட்டுத்தான் போகும். உள்கொப்பை விரிச்சுப் பார்த்தா தண்டில கரி படிஞ்சமாதிரிக் கறுப்புப் பூஞ்சணம் இருக்கும். பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணியில வளருறது அது. கழட்டிப்போட்ட வெள்ளைத் தோல்களும் ஒட்டிக்கிடக்கும். கறுப்பு இருந்து பழுப்பு கீழ இருந்து ஏறியிருந்தா வேற யோசிக்கத் தேவையில்லை.

அப்ப என்ன செய்யிறது? வாற வருஷத்துக்கு அலுவல் பாருங்கோ. மே மாசம் துவங்கக் கிழமைக்கு ஒருக்கா, வேலியின்ர இடுப்புக்குக் கீழ உள்ள கொப்புகளை விரிச்சுப் பாருங்கோ. வேலிக்குக் குளவிகள் கூட்டமா வந்து போறதைக் கண்டா அதுவும் ஒரு குறிப்பு, இனிப்புத் தண்ணிக்குத்தான் வருகினம். சின்ன வேலியெண்டா கண்டவுடன ஹோஸால வேகமாத் தண்ணி அடிச்சு உதிர்க்கலாம், இல்லாட்டி கொழுப்பமிலச் சவர்க்காரம் கலந்த பூச்சி மருந்தை உள்தண்டு நனைய அடிக்கலாம். வெளியில நிண்டு பச்சையில விசிறினாப் பிரயோசனம் இல்லை, பூச்சியில படவேணும். பின்னேரம், காத்தில்லாத நேரம் பார்த்து அடியுங்கோ. லேபிளில சொன்ன அளவுக்கு மேல கலக்காதேங்கோ. ரெண்டாள் உயர வேலி எண்டா மருந்தை மறந்துபோடுங்கோ. உள்ளுக்க போய்ச் சேராது, பக்கத்து வீட்டு உடுப்புக் கொடியிலதான் விழும்.

வெட்டு

நான் பார்க்கிற பழுப்பில பெரும்பங்கு கத்தியால வந்தது. இந்த மரத்துக்கு வெட்டுற காலம்தான் மருந்து எண்டு நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சுது.

எங்கட ஆக்களுக்கு நினைவு நிக்க இப்பிடிச் சொல்லுறனான்: முதல் வெட்டு சித்திரை வருஷம் பிறந்தாப் பிறகு, கடைசி வெட்டு ஆகஸ்டில வாற ஈலிங் அம்மன் தேர் அண்டை நாட்களில. நல்லூர்த் தேரைக் கணக்கு வைக்காதேங்கோ, அது சில வருஷம் செப்டம்பருக்குப் போடும். ஆகஸ்ட் முடிஞ்சாக் கத்தியை எண்ணெய் பூசி உள்ள வைச்சுப்போடுங்கோ. பிந்தி வெட்டினா வெட்டின இடத்தை மூட மரத்துக்குக் காலம் காணாது, பனிக்காத்து அந்தப் பழுப்பை மார்ச் வரைக்கும் காட்டிக்கொண்டு நிக்கும். இடையில ஜூன் கடைசியில ஒருக்கா வெட்டினா வடிவு. வருஷத்துக்கு ரெண்டு மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சம். மூண்டு வருஷம் விட்டிட்டு ஒரே நாளில சரிக்கட்டுவம் எண்டு வெளிக்கிட்ட வேலிகள்தான் இப்ப பழுப்புச் சுவராக நிக்குது.

ஒவ்வொரு நுனியிலயும் கொஞ்சம் பச்சையை விட்டு, அந்த வருஷம் வந்த குழையை மட்டும் எடுங்கோ. ரெண்டு தடி ஊண்டிக் கயிறு கட்டினா கை உள்ளுக்க போகாது. அடி அகலமா, உச்சி கொஞ்சம் ஒடுக்கமா, சாய்வா வெட்டவேணும். நேர்ச் சுவர் மாதிரி வெட்டினா மேல்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து கீழ்க்கொப்புக்கு வெளிச்சத்தை மறைக்கும், வெளிச்சம் இல்லாத கொப்பு பழுக்கும். வேலி அடியில கொட்டிலைச் சாய்ச்சு வைச்சிருந்தாலும், ஐவிக் கொடி ஏறியிருந்தாலும் இதே கதைதான். கொட்டிலை எடுத்தாப் பிறகுதான் பின்னால இருக்கிற ஓட்டை தெரியவரும்.

மந்தாரமான நாள் பாருங்கோ. கத்தி கூராயிருக்கவேணும். ஒரு வீட்டில இருந்து மற்ற வீட்டுக்குப் போறதுக்கு முந்தி நான் கத்தியை ஸ்பிரிட்டால துடைக்கிறனான், புண் நோயைக் காவக்கூடாது எண்டு. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கோ, லேலண்டிப் பால் பட்டா சிலபேருக்குத் தோல் தடிக்கும்.

உயரத்தைக் குறைக்கிறதெண்டா அது வேற கணக்கு. நல்ல சுகமான வேலியில உச்சியை மூண்டில ஒரு பங்கு வரைக்கும் வசந்தத்தில இறக்கலாம். வெட்டின உச்சி மொட்டையாத் தெரிஞ்சாலும் பக்கத்துக் கொப்புகள் வளைஞ்சு மூடும். பக்கவாட்டில அந்தச் சுதந்திரம் இல்லை. புது வேலி வைக்கிற ஆக்கள், உங்களுக்கு வேண்டிய உயரத்துக்கு அரையடி கீழயே உச்சியை நிப்பாட்டிப்போடுங்கோ. பக்கங்களை ரெண்டாம் வருஷத்தில இருந்தே மெல்லச் சீவிக்கொண்டு வந்தா அடர்த்தி தானா வரும்.

மார்ச் துவங்கி ஆகஸ்ட் வரைக்கும் குருவிகள் கூடு கட்டுற காலம் எண்டதையும் மறக்காதேங்கோ. லேலண்டிக்குள்ள பிளாக்பேர்டும் புறாவும் விரும்பிக் கட்டும். ஆள் இருக்கிற கூட்டைத் தெரிஞ்சுகொண்டு கலைக்கிறது 1981ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொப்பை விரிச்சுப் பார்த்துக் கூடு இருந்தா அந்தத் துண்டை விட்டிட்டு மிச்சத்தை வெட்டுங்கோ. குஞ்சு பறந்தாப் பிறகு வாறன் எண்டு நான் எத்தினையோ வீட்டில சொல்லியிருக்கிறன், ஒருத்தரும் கோவிச்சதில்லை.

தண்ணி, மூடாக்கு, பசளை

2022 ஜூலை 19ம் திகதி லிங்கன்ஷயரில கொனிங்ஸ்பியில 40.3 பாகை வெப்பம் எண்டு பதிஞ்சது, இங்கிலாந்தில அதுவரைக்கும் காணாத சூடு. அந்தக் கோடையில புல்லு பழுத்ததை எல்லாரும் கண்டவை, புல்லு மழைக்குத் திரும்பினதையும் கண்டவை. வேலி அப்பிடிச் செய்யாது. வரட்சியில வேர் செத்தது வெளியில தெரியிறதுக்கு மாசக்கணக்கு எடுக்கும். இலையுதிர்காலத்திலயும், அடுத்த வசந்தத்திலயும் கூடப் பழுப்பு வரும். அந்த நேரம் பார்த்து மழை பெய்துகொண்டிருக்கும், ஆக்கள் வியாதி எண்டு நினைப்பினம்.

புதுசா வைச்ச வேலிக்கு முதல் ரெண்டு கோடையும் தண்ணி கட்டாயம். நாளுக்கு அஞ்சு நிமிஷம் மேல தெளிக்கிறது வேரை மேலுக்கு இழுக்கும். கிழமைக்கு ஒருக்கா, துளையால கசியிற ஹோஸை அடியில நீட்டுக்குப் போட்டு ஒண்டு ரெண்டு மணித்தியாலம் விட்டா ஆழத்துக்குப் போகும். வரட்சியில ஹோஸ் பாவிக்கத் தடை வந்தா வாளி. பழைய வேலிக்கும் நீண்ட வரட்சியில பத்து நாளுக்கு ஒருக்கா அப்பிடி ஊறவிடுறது நல்லது, முக்கியமா அழுக்கணவன் வந்த வேலிக்கு.

மார்ச், ஏப்ரலில மண் ஈரமா இருக்கேக்க அடியில ரெண்டு அங்குலத்துக்கு மேல மூடாக்குப் போடுங்கோ. மக்கின எருவோ மரப்பட்டைத் துண்டோ இருக்கலாம். தண்டோட ஒட்டாம ஒரு கை அகலம் விலத்துங்கோ, இல்லாட்டி அடிப்பட்டை அழுகும். பசளைக்கு க்ரோமோர் மாதிரிப் பொதுப் பசளை சதுர மீற்றருக்கு 70 கிராம் ஏப்ரலில தூவித் தண்ணி விட்டாப் போதும். ஜூலைக்குப் பிறகு பசளை வேண்டாம், பிந்தி வாற இளம் குழை பனிக்கு நிக்காது. எப்சம் உப்புக் கரைச்சு ஊத்தச் சொல்லி ஆரோ சொன்னவை எண்டு அடிக்கடி கேக்கினம். மக்னீசியம் குறைஞ்சாப் பழைய இலை மஞ்சளாகும், சரி. ஆனா செத்த கொப்பு உப்புக்கு எழும்பாது.

மறுபக்கம், தண்ணி நிக்கிற வளவுக்கு மேல சொன்னது ஒண்டும் பொருந்தாது. களிமண்ணில குழி தோண்டி, குழிக்குள்ள மட்டும் நல்ல கொம்போஸ்ட் போட்டு நட்டா, அது தொட்டி மாதிரி மழைத்தண்ணியைப் பிடிச்சு வைச்சு வேரை அழுகவைக்கும். மண்ணை வரிசை முழுக்கக் கிளறி, கொஞ்சம் மேடாக்கி நடுங்கோ.

பனிக்காலக் காத்தைப் பற்றி ஒரு சொல். பெப்ரவரியில கிழக்குக் காத்து அடிக்கேக்க மண் உறைஞ்சிருக்கும், வேரால தண்ணி இழுக்க ஏலாது, இலை காய்ஞ்சு அந்தப் பக்கம் மட்டும் பழுக்கும். இளம் வேலிக்குக் காத்துப் பக்கம் வலை கட்டிவிடலாம். வளர்ந்த வேலி தானாத் தேறும்.

பழுப்பு விழுந்த இடத்துக்கு

நகத்தால சுரண்டிப் பார்த்துச் செத்த கொப்புகளை மட்டும் எடுங்கோ. சீரிடியம் புண் எண்டா புண்ணுக்குக் கீழ நல்ல பட்டை வரைக்கும், மழையில்லாத நாளில வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில கத்தியைத் துடைச்சு, வெட்டினதை வளவில போட்டு வைக்காம அப்புறப்படுத்துங்கோ. ஓட்டை சின்னனெண்டா ரெண்டு பக்கமும் இருக்கிற பச்சைக் கொப்புகளை இழுத்து, சணல் கயிறால தளர்வாக் குறுக்க கட்டிவிடுங்கோ. ஓட்டைக்குள்ள வெளிச்சம் விழுறதால அந்தக் கொப்புகள் அங்க பக்கக் குழை விடும். ரெண்டு மூண்டு வருஷம் எடுக்கும். வருஷத்துக்கு ஒருக்காக் கயிறைத் தளர்த்திக் கட்டாட்டி அது கொப்பை அறுக்கும். நைலோன் கயிறு வேண்டாம். பெரிய ஓட்டைக்கு முன்னால ஒரு கிளெமட்டிஸ் கொடியை விடுறதும் உண்டு, கோடையில பூத்துக்கொண்டு நிக்கும். பச்சைப் பெயின்ற் ஸ்ப்ரே எண்டு ஒண்டு விக்கினம். வீடு விக்கிற ஆக்கள் வாங்குவினம்.

மற்றச் செடிகளுக்கும் நாலு வரி. முன்வாசல் தொட்டியில நிக்கிற கூம்பு வடிவக் குட்டி அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ் சூடான கோடையில மங்கிப் பழுத்தா, வெள்ளைக் கடதாசியில தட்டிப் பாருங்கோ. தூசி மாதிரிச் சின்னப் புள்ளி நடந்தா சிலந்திப்பேன், தண்ணியை இலையில அடிக்கடி தெளிச்சு ஈரமா வைச்சிருங்கோ. மற்ற ஸ்ப்ரூஸ் மரங்கள் மென்மையான பனிக்காலத்துக்குப் பிறகு உள் ஊசியைக் கொட்டினா அது பச்சை அழுக்கணவன், மே மாசப் புதுக்குழை வந்தாப் பாதி மறைஞ்சுபோகும். ஜூனிப்பரில நூல் நூலா வலை பின்னி இலை பழுத்திருந்தா புழு, அந்தக் கொப்பை வெட்டி எறியுங்கோ. பொக்ஸ் வேலி திடீரெண்டு வைக்கோல் நிறமாகி உள்ளுக்க வலையும் இருந்தா பொக்ஸ் அந்துப் புழு. 2011ல இருந்து வீட்டுத் தோட்டங்களில இருக்கு, லண்டனில இப்ப இல்லாத தெருவே இல்லை. பச்சை மஞ்சள் உடம்பு, கறுப்புத் தலை. ஏப்ரலில இருந்து கையால பொறுக்கினாலே பெரும்பங்கு குறையும். பொக்ஸ் கட்டையில இருந்தும் தளிர்க்கும், அதால கெதியாக் கிளப்பிப்போடாதேங்கோ.

பக்கத்து வீடு

வேலிச் சண்டையை நாங்கள் ஊரில விட்டிட்டு வரேல்லை. இங்க சட்டம் இப்பிடி: உங்கட மரத்துக் கொப்பு எல்லைக்கு மேலால போனா, அயலவர் தன்ர பக்கம் எல்லை வரைக்கும் வெட்டலாம். அவர் வெட்டினா எல்லைக்கோட்டில நேர வெட்டுவார், அந்தக் கோடு அனேகமாப் பச்சைக்கு உள்பக்கம்தான் இருக்கும். அவருக்கு ஒரு பழுப்புச் சுவர், உங்களுக்கு அரைவாசி செத்த வேலி. ஆரும் வெல்லேல்லை. அதால வருஷாவருஷம் ரெண்டு பக்கத்தையும் நாங்களே சீவித் தாறம் எண்டு கேட்டு உள்ள போறது நல்லது. ஒரு வாழைப்பழக் கேக் கொண்டுபோனா ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்.

2003ம் ஆண்டுச் சட்டத்தில உயர்ந்த வேலிக்கு எண்டு ஒரு பகுதி இருக்கு. ரெண்டு அல்லது கூடப் பசுமைமாறா மரம் வரிசையா நிண்டு ரெண்டு மீற்றருக்கு மேல போய் வெளிச்சத்தை மறைச்சா, கதைச்சுப் பார்த்துச் சரிவராத அயலவர் கவுன்சிலுக்கு முறையிடலாம். கவுன்சில் குறைக்கச் சொல்லலாம், ஆனா ரெண்டு மீற்றருக்குக் கீழ வெட்டச் சொல்லவோ வேலியைக் கிளப்பச் சொல்லவோ ஏலாது. ஆறு மீற்றர் விட்டுப்போட்டுக் கடிதம் வந்தாப் பிறகு ரெண்டுக்கு இறக்கினா மிஞ்சிறது கட்டைதான்.

எடுக்கவேண்டி வந்தா

வேலியில பாதிக்கு மேல செத்துப்போச்சுது, இல்லாட்டி ஹனி பங்கஸ் எண்டு உறுதியாச்சுது எண்டா மினக்கெடாதேங்கோ. ஒரு மரம் மட்டும் போனா அந்த இடைவெளிக்குள்ள இன்னொரு லேலண்டிக் கன்றை வைக்கிறது வீண் காசு. ரெண்டு பக்கமும் நிக்கிற பெரிய வேர் தண்ணியைக் குடிச்சுப்போடும், கன்று அடுத்த ஆடியில பழுக்கும். நடுறதெண்டா அந்த இடத்துப் பழைய வேரை வெட்டியெடுத்து, மண்ணை மாத்தி, ரெண்டு கோடை வாளியோட நிக்கவேணும்.

முழுக்கப் புதுசா வைக்கிற ஆக்களுக்கு நான் யூ மரம் சொல்லுறனான். வருஷத்துக்கு ஒரு அடிகூட வளராது, கன்றும் விலை. ஆனா ஊசியிலை மரங்களில கதியால் குணம் உள்ளது அருமை, இது மொட்டைக் கட்டையில இருந்தும் தளிர்க்கும். வருஷத்துக்கு ஒரு வெட்டு காணும். இரண்டடிக்கு ஒண்டு வையுங்கோ. தண்ணி நிக்கிற நிலத்தில வைக்காதேங்கோ, வேரழுகல் இதையும் கொல்லும். இலையும் விதையும் நஞ்சு, அதால சின்னப் பிள்ளையள் விளையாடுற பக்கத்துக்கு வேண்டாம். வேற மரம் வேணுமெண்டாத் தூஜா நல்லது. லேலண்டியைவிட ஆறுதலா வளரும், கொஞ்சம் உள்ள வெட்டினாலும் மன்னிக்கும், வெட்டேக்க அன்னாசி மணம் வரும். நடுற காலம் ஒக்டோபர், நவம்பர், மண்ணில சூடு இன்னும் இருக்கேக்க. கன்று எடுக்கேக்கச் சட்டியைக் கழட்டி வேரைப் பாருங்கோ. வட்டம் வட்டமாச் சுத்தியிருந்தா கடைக்காரனிட்டத் திருப்பிக் குடுங்கோ.